அம்பத்தூரில் நான் போர்த்திய பொன்னாடை

கிள்ளானில் எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கும். தினமும் காலையில் அதில் ஒரு மலாய்ச் சொல்லை எழுதிவைப்பேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்திருக்கும் ஆட்கள் மதியத்துக்குள் அந்தச் சொல்லை என்னிடம் ஒப்பிக்க வேண்டும். பிழைக்க வந்த ஊரின் பாஷையைக் கற்றுக்கொள்ளாதவன் சோம்பேறி, அல்லது திமிர் பிடித்தவன். இதுதான் பல வருடங்களாக என் கட்சி. அந்தக் கட்சியோடுதான் சென்னையில் வந்து இறங்கினேன். திரும்பும்போது அது என்னிடம் இருந்ததா என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வந்த வேலை சின்னது. சாப்பாட்டு டப்பாவுக்கு மூடி வார்க்கிற மோல்டு ஒன்றை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி எங்களுக்காகச் செய்துகொண்டிருந்தது. அது கப்பலேறுவதற்கு முன்னால் நான் நேரில் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆறு நாள் வேலை. மலேசியாவில் பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழ்நாட்டுக்கு இதுவே முதல் பயணம். திரும்பிய பக்கமெல்லாம் தமிழ் கேட்கும் என்று விமானத்தில் தூக்கமே வரவில்லை.

முதல் நாள் காலை. அண்ணனூரில் எனக்கு ஒரு வீடு ஏற்பாடு செய்திருந்தார்கள். கீழே இருந்த ஓட்டலில் போய் உட்கார்ந்து, "தம்பி, பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் கேட்போம். பரிமாற வந்தவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஹிந்தி?" என்றார். தமிழ்நாட்டில் என் முதல் தமிழ் வாக்கியத்துக்குக் கிடைத்த பதில் அதுதான். அவர் அசாம்காரர் என்று கல்லாவில் இருந்தவர் சொன்னார். நான் பக்கத்து மேசைக்காரரின் தட்டைக் காட்டினேன். பொங்கலும் வடைகறியும் வந்தன. எனக்கு ஹிந்தி தெரியாது என்றாலும் வயிறு நிறைந்தது. வடைகறி மட்டும் இரண்டு முறை வாங்கினேன்.

இரண்டாம் நாள் கம்பெனி காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, மின்சார ரயிலில் ஏறினேன். அண்ணனூரிலிருந்து பட்டரவாக்கம் மூன்றாவது நிறுத்தம். எதிரில் இருந்த அம்மாவிடம் கிள்ளானில் மீன் என்ன விலை விற்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வண்டி பட்டரவாக்கத்தைக் கண்ணெதிரே தாண்டிக்கொண்டு ஓடியது. "ஐயோ, நிக்கலையே!" என்று எழுந்தேன்.

"இது பாஸ்ட்டு சார். அங்கெல்லாம் நிக்காது," என்றார் அந்த அம்மா. "இன்னா சார் நீ, மைக்குல மூணு பாஷைல கத்துனாங்களே, ஒண்ணு கூடவா காதுல உயல?"

எங்கேயோ இறங்கி, எதிர்த்திசை வண்டி பிடித்து, கம்பெனிக்குப் போகும்போது மணி பத்தரை. மேனேஜர் சேகர் கேட்டிலேயே காத்திருந்தார். திண்டுக்கல்காரர். ஆவடியில் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடியேறியவர். மரியாதை தெரிந்த, சிரித்த முகம் உள்ள மனிதர். அதை இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்டு அவரை வில்லனாக நினைத்துவிடுவீர்கள்.

பாலிஷ் போடும் பகுதியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் எமரித் தாள், அப்புறம் டயமண்ட் பேஸ்ட் என்று நாள் கணக்கில் தேய்த்தால்தான் மூடி கண்ணாடி மாதிரி வரும். பன்னிரண்டு பேரும் ஒடிசாக்காரர்கள். சேகர் அவர்களிடம் ஏதோ ஹிந்தியில் சொன்னார். எனக்கே அது தட்டுத்தடுமாறிய ஹிந்தி என்று தெரிந்தது.

"நாங்கதான் சார் ஹிந்தி கத்துக்கிட்டோம். இவனுங்க எங்க தமிழ் கத்துக்கறானுங்க?" என்றார் என்னிடம்.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. தமிழ்நாட்டில் தமிழ் முதலாளியின் கம்பெனி, அங்கே தமிழன் ஹிந்தி படிக்கிறானாம். என் வெள்ளைப் பலகையைப் பற்றி அவருக்குக் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு என் மோல்டு எப்போது முடியும் என்ற பேச்சு வந்தது. "கவலையே படாதீங்க சார்," என்றார் சேகர். "இவனுங்க ஊர்ல ஏதோ திருவிழாவாம். திங்கக்கிழமை லீவு விடுறேன்னு சொல்லி வச்சிருக்கேன். விடமாட்டேன். உங்க சரக்கு கப்பல் ஏறுற வரைக்கும் ஒருத்தனும் நகர முடியாது."

"இவங்க முன்னாடியே சொல்றீங்களே!"

"சொன்னா என்ன, புரியவா போவுது?"

நான் சிரித்துவிட்டேன். எங்களுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து என் மோல்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. நாற்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, காதோரம் நரை. அவர் பெயர் சுதாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை பாலிஷ் பகுதியில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். இரண்டு பேர் ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு ரயிலேறிவிட்டார்களாம். சேகர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "திங்கக்கிழமை விடுறேன்னு சொல்லியும் ஏன் சார் ஓடுறானுங்க? எப்படித் தெரிஞ்சுது இவனுங்களுக்கு?" எனக்கும் புரியவில்லை. என் வேலை அரை நாள் தள்ளிப்போனதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அன்று சாயங்காலம் எஸ்டேட்டுக்குள் இருக்கும் கஸ்தூரி அக்காவின் டீக்கடைக்குப் போனேன். தள்ளுவண்டியில் தொடங்கிய கடை, இப்போது கூரை போட்டிருக்கிறார். ஒரு பக்கம் வாழைக்காய் பஜ்ஜி, இன்னொரு பக்கம் சமோசாவும் வேகவைத்த கொண்டைக்கடலையும். எனக்குத் தெரியாத இரண்டு பாஷை எழுத்துகளில் போன் ரீசார்ஜ் விளம்பரம் ஒட்டியிருந்தது. பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

"அக்கா, இன்னா இன்னிக்கி டீல சக்கர தூக்கலா கீது? மாமா ஊர்ல இருந்து வந்துட்டாரா?"

கடையே சிரித்தது. திரும்பிப் பார்த்தேன். என் மோல்டைத் தேய்த்த அதே ஆள்.

"நீங்க தமிழா?" என்றேன்.

"ஒடிசாண்ணா. கஞ்சாம் பக்கம். என் பேரு சுதாம்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மலேசியா இல்ல? உங்க தமிழு சூப்பரா கீதுண்ணா. டீவில நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுறீங்கோ."

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! இத்தனை நாளாக நான் தேடிக்கொண்டிருந்த ஆள் இவர்தான். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன்.

"பூந்தமல்லில லாரி செட்டுல மூணு வருசம் லோடு ஏத்தினேன்ணா. அங்க நான் ஒர்த்தன்தான் ஒடியாக்காரன். 'உடு'ன்னா உடணும், 'புடி'ன்னா புடிக்கணும். தெரியலன்னா மூட்ட கால் மேல உயும். ஆறே மாசம், அல்லாம் வந்துடிச்சி."

இன்னொரு டீ சொன்னேன். பாதி குடிப்பதற்குள் சேகரின் பைக் சாலை முனையில் திரும்பியது. சுதாம் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, டம்ளரை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நடையைக் கட்டினார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் இரண்டு பேர் ஓடியதும், சாயங்காலம் இவர் தமிழ் பேசியதும், இப்போது எழுதும்போது எனக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தெரிகிறது. அன்று என் மண்டையில் சர்க்கரை தூக்கலான டீயும் தமிழ்ப் பெருமையும் மட்டும்தான் இருந்தன.

நான்காம் நாள் மதியம் மோல்டு தயார். பெட்டியில் வைப்பதற்கு முன்னால் பூஜை போடுவது அங்கே வழக்கம். என் மூடி மோல்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு, கற்பூரம் காட்டினார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் கடலையும் ஆளுக்கொரு கை. கம்பெனி மொத்தமும் வட்டமாக நின்றது. வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக முதலாளி வந்து, எனக்குச் சரிகை போட்ட பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார். "மலேசியாவிலேர்ந்து வந்திருக்கீங்க, நாலு வார்த்தை பேசணும்," என்றார்.

நாலு வார்த்தை கேட்டால் நாற்பது பேசுகிறவன் நான். முதலாளிக்கு நன்றி சொன்னேன். சேகருக்கு நன்றி சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பிழைக்க வந்த ஊரின் மொழியை மதிப்பது பெரிய குணம்," என்று ஆரம்பித்தேன். "உங்கள் கம்பெனியிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். ஒடிசாவிலிருந்து வந்தவர். ஆனால் தமிழில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். இந்த மரியாதை எனக்கல்ல, அவருக்குத்தான் சேர வேண்டும்." கூட்டத்துக்குள் நுழைந்து, என் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்துச் சுதாமுக்குப் போர்த்தினேன்.

கைத்தட்டலுக்காகக் காத்திருந்தேன். முதலாளி மட்டும் தட்டினார். "அட, தமிழ் பேசுவியா? எங்கே, ரெண்டு வார்த்தை பேசுப்பா!"

சுதாம் தரையைப் பார்த்தார். "நஹி சாப்."

"வெட்கப்படாதீங்க," என்றேன் நான். "டீக்கடையில் பேசினீர்களே, அதே மாதிரி பேசுங்கள்."

மற்ற ஒன்பது பேரும் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். சேகர் கையில் பொரியோடு அப்படியே நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அந்த மனிதருக்கு இரண்டடி தூரத்தில் தான் என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொன்றாக யோசிக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் சொன்னா நம்பமாட்டாங்க, நீங்களே பேசிடுங்க," என்று என் வாய் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சுதாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "போதும்ணா," என்றார். தமிழில்.

ஒரு மணி நேரம் கழித்துப் பாலிஷ் பகுதிக்குப் போனேன். அவருடைய இடம் காலி. எமரித் தாள்களுக்குப் பக்கத்தில் பொன்னாடை நாலாக மடித்து வைத்திருந்தது. சேகரிடம் ஓடினேன்.

"அனுப்பிட்டேன் சார். ரெண்டு பேரு எப்படி ஓடினானுங்கன்னு மண்டையை உடைச்சிக்கிட்டு இருந்தேன். உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்," என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே நன்றி சொன்னார். எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

"ரொம்ப நல்ல வேலைக்காரர் சார். தமிழ் படிச்சது ஒரு குத்தமா?"

"நல்ல வேலைக்காரன்தான். ஆனா நாங்க பேசறத அவனுங்ககிட்ட போய்ச் சொல்றவன எப்படி சார் வச்சிக்க முடியும்? நீங்க உங்க கம்பெனில வச்சிப்பீங்களா?"

பதில் சொல்ல வாய் எடுத்தேன். எங்கள் கம்பெனியில் நேபாளிகள் முன்னால் அவர்கள் சம்பளத்தையும் லீவையும் பற்றி நாங்கள் பேசிக்கொள்வது ஞாபகம் வந்தது. அதைத் தமிழில்தான் பேசுகிறோம், மலாயில் பேசுவதில்லை. ஏன் என்று இதுவரை யோசித்ததில்லை. அந்த இடத்தில் யோசிக்கப் பிடிக்கவுமில்லை. வெளியே வந்தேன்.

கஸ்தூரி அக்கா டீயைக் கொண்டுவந்து டக்கென்று வைத்தார். "இன்னா சார், பொன்னாடையெல்லாம் போத்தினியாமே?"

"இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா."

"நீ நல்லதுதான் நெனச்ச, இல்லேங்கல. ஏன்டா உள்ள பூந்தா ஊமையா கீறேன்னு அவன ஒரு வார்த்த கேட்டியா? என்னையாச்சும் கேட்டியா?" இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "தமிழ் தெரியாத ஆளுங்கன்னு சொல்லித்தான் காண்ட்ராக்டரு இட்டுகினு வந்து உடறான். தெரிஞ்சா என் கடையாண்ட நிப்பான். பக்கத்து கம்பெனில இன்னா குடுக்கறான்னு கேப்பான். லேபர் ஆபீசு எங்க கீதுன்னு கேப்பான். எவன் வச்சிப்பான்? லாரி செட்ட உட்டப்புறம் மொதல்ல பூந்த கம்பெனில அப்டி பேசித்தான் வேலைய உட்டான். அதுலேந்து உள்ள வாயத் தொறக்கறதே இல்ல. அந்தப் பசங்களுக்கு அவன் காதுதான் சார். உள்ள இன்னா பேசறாங்கோன்னு அவன்தான் வந்து சொல்லுவான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது சுதாம். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

ஐந்தாம் நாள் கப்பல் காகிதங்களில் கழிந்தது. சாயங்காலம் கஸ்தூரி அக்கா வழி சொல்ல, சுதாமும் மற்றவர்களும் தங்கியிருந்த மேனாம்பேட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். மாடிப்படி ஏறினால் ஒரே அறையில் எட்டுப் பேர். கொடியில் சட்டைகள், மூலையில் குக்கர். சுதாம் அங்கே இல்லை. ஒருவருக்கும் தமிழ் தெரியவில்லை, எனக்கு ஹிந்தியும் தெரியாது, ஒடியாவும் தெரியாது. அந்த அறைக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே ஆளைத்தான் நான் துரத்தியிருந்தேன்.

ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, தோளில் துணி போர்த்துவது போலச் சைகை காட்டினார். மன்னிப்புக் கேட்க வேண்டும். எந்தப் பாஷையில்? தடுமாறி, பதற்றத்தில், "மாஃப்" என்று மலாயில் சொல்லிவிட்டேன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது! தலையாட்டினார்கள். ஹிந்தியிலும் அதே சொல்தானாம், பிறகு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு ஒன்றும் விளங்காமல், பைத்தியக்காரனைப் போல அதையே நாலு தடவை சொன்னேன்.

அவர்கள் தட்டில் சோறு போட்டார்கள். கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், வெங்காயம். உறைப்பு. சாப்பிடாமல் எழ விடவில்லை. தோளில் துணி போர்த்திக் காட்டிய அதே ஆள்தான் இரண்டாம் தடவை சோறு வைத்தார். கோபமா, மன்னித்துவிட்டார்களா, விருந்தாளி என்பதால் போட்டார்களா, எனக்குத் தெரியவில்லை. சுதாம் எங்கே என்று பெயரைச் சொல்லி, கையை விரித்துக் கேட்டேன். ஒருவர் போனில் வரைபடத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். பாடியில் ஒரு கம்பெனி.

ஆறாம் நாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பாடி பாலத்துக்கு முன்னாலேயே காரை ஓரங்கட்டச் சொன்னேன். லாரிகளுக்கு நடுவில் புகுந்து அந்தக் கேட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். உங்கள் வேலை போனது என்னால்தான், ஏதாவது உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், இப்படி. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு சூப்பர்வைசர் பெண் வாசலில் நின்று சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து இரும்புத் துண்டுகள் நிறைந்த டிராலியைத் தள்ளிக்கொண்டு, புது நீலச் சட்டையில் சுதாம் வந்தார்.

"சுதாம்!" என்றேன்.

டிராலி நின்றது. சூப்பர்வைசர் திரும்பினார். "இவனத் தெரியுமா சார்? நேத்துதான் சேந்தான். தமிழ் சுத்தமா வராது. இருங்க, நான் ஹிந்தில கேக்கறேன்." கேட்டார்.

சுதாம் என் முகத்தைப் பார்த்தார். டீக்கடையில் என்னோடு சிரித்த கண்தான். அதில் ஒன்றுமே இல்லை. "நஹி மாலூம்," என்றார்.

"உங்களைத் தெரியாதுங்கறான் சார்."

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இந்த முறை கடித்துக்கொண்டேன். "ஆமாங்க. ஆள் மாறிப்போச்சு. அதே ஜாடை," என்றேன்.

"யாரைத் தேடறீங்க?"

"ஒருத்தர். ரொம்ப நல்ல வேலைக்காரர். எனக்கு வாய் நீளம். என் வாயால அவர் வேலை போயிடுச்சு. கண்ணால பார்த்தா மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்." சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தினேன்.

"அடடா," என்றார் அவர். "பார்த்தா சொல்றேன் சார்." அப்புறம் டிராலிப் பக்கம் தலையை அசைத்து, "பாருங்க, இவ்வளவு பேசறோம், மரம் மாதிரி நிக்கறான். பாவம், இவனுங்களுக்கு ஒண்ணும் புரியாது," என்றார்.

"ஆமாங்க, புரியாது," என்றேன்.

சுதாம் டிராலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் ஹிந்தியில் மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"வழில நிக்கறீங்களாம் சார். கொஞ்சம் நகரச் சொல்றான்."

நகர்ந்தேன்.